வழக்குப் போட முடியுமா, இப்போதே போடலாமா? முதலீட்டு உடன்படிக்கை குறித்து ஒரு வாசகருக்குப் பதில்

வாசகரின் கடிதம் (சுருக்கமாக, ஆளையும் நாட்டையும் அடையாளம் காண முடியாதபடி):

எங்கள் குடும்ப நிறுவனம் சிங்கப்பூரில் பதிவானது. அண்ணன் தம்பிகள் மூன்று பேர் பங்குதாரர்கள். வேறொரு நாட்டில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், அரசு நிறுவனம் ஒன்றிடமிருந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மீன் ஏற்றுமதிக்காகக் குளிர்பதனக் கிடங்கு கட்டினோம். பதினான்கு மாதங்களுக்கு முன் குத்தகையை ரத்து செய்து கிடங்கைப் பூட்டிவிட்டார்கள். அந்த நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை உண்டு. அதன்படி சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனால் அதற்கு முன் ஆறு மாதம் சமரசப் பேச்சு நடத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. "அது வெறும் அட்மிசிபிலிட்டி விஷயம், ஜூரிஸ்டிக்‌ஷன் இல்லை, தைரியமாகப் போடுங்கள்" என்கிறார் ஒரு ஆலோசகர். இன்னொருவர், நெதர்லாந்தின் உடன்படிக்கை இதைவிட வலுவானது, பங்குகளை அங்கே ஒரு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டு வழக்குப் போடலாம் என்கிறார். குத்தகைப் பத்திரத்திலோ, தகராறு என்றால் உள்ளூர் நீதிமன்றம் என்று எழுதியிருக்கிறது. யார் சொல்வது சரி? ஆலோசகர் சொல்லும் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? பின்குறிப்பு: அனுமதிகள் வாங்கித் தந்த உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் 'கன்சல்டன்சி' என்று கொஞ்சம் கொடுத்திருக்கிறோம். என் கடைசித் தம்பி அந்த நாட்டிலேயே திருமணம் செய்து அங்கே குடியுரிமையும் வாங்கிவிட்டான்.

பதில்:

பங்குகளை மாற்றும் வேலையை முதலில் நிறுத்துங்கள். பத்திரங்கள் தயாராகியிருந்தால் கையெழுத்துப் போடாமல் அப்படியே வையுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

ஜூரிஸ்டிக்‌ஷனை அதிகார வரம்பு என்றும், அட்மிசிபிலிட்டியை ஏற்புடைமை என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு நாடுகள் செய்துகொண்டதை உடன்படிக்கை என்றும், உங்கள் குத்தகை போன்றதை ஒப்பந்தம் என்றும் பிரித்தே எழுதுகிறேன். இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

ஒரு நாட்டை அதன் சம்மதம் இல்லாமல் எந்தச் சர்வதேச மன்றத்திலும் நிறுத்த முடியாது. முதலீட்டு உடன்படிக்கையில் அந்தச் சம்மதத்தை நாடுகள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகின்றன. முதலீட்டாளரோடு தனி ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. இந்த வழியில் முதலீட்டுத் தகராறுகளைத் தீர்ப்பதற்கான, உலக வங்கிக் குழுமத்தின் இக்சிட் மையத்தில் முதன்முதலாகத் தீர்ப்பான வழக்கு மட்டக்களப்பு மண்ணைப் பற்றியது. ஹாங்காங் நிறுவனம் ஒன்று அங்கே இறால் பண்ணை நடத்திய இலங்கை நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தது. 1987 ஜனவரி 28 அன்று பாதுகாப்புப் படைகளின் நடவடிக்கையில் பண்ணை அழிந்தது. பிரிட்டனும் இலங்கையும் 1980-இல் செய்துகொண்ட உடன்படிக்கை அப்போது ஹாங்காங்குக்கும் நீட்டிக்கப்பட்டிருந்ததால், அந்த நிறுவனம் இலங்கை அரசை நேராகத் தீர்ப்பாயத்துக்கு இழுத்தது. 80 லட்சம் டாலருக்கு மேல் கேட்டது. 1990 ஜூனில் கிடைத்தது 4,60,000 டாலர். அதே நாளில் பண்ணைத் தொழிலாளர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய குடும்பங்களுக்கு அந்த மன்றத்தின் கதவு திறக்கவே இல்லை, ஏனென்றால் அவர்கள் 'முதலீட்டாளர்' அல்ல. அதிகார வரம்பு என்ற சொல் எவ்வளவு கறாரானது என்பதற்கு இதைவிட வலிக்கிற உதாரணம் எனக்குத் தெரியாது. இந்தத் துறையில் இருக்கிற ஒவ்வொரு தமிழரும் அந்தத் தீர்ப்பை ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும்.

சரி, இப்போது வித்தியாசம். நாடு கொடுத்த சம்மதத்துக்குள் இந்த ஆள், இந்த முதலீடு, இந்தத் தகராறு, இந்தக் காலம் அடங்குகிறதா என்று கேட்பது அதிகார வரம்பு. அடங்கவில்லை என்றால் தீர்ப்பாயத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று நடுவர்களும் சட்டத்தின் கண்ணில் வெறும் மூன்று தனிமனிதர்கள். அடங்குகிறது, மன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனாலும் இந்தக் கோரிக்கையை இப்போது, இந்த நிலையில் விசாரிக்கலாமா என்று கேட்பது ஏற்புடைமை. உங்கள் ஊரான சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல், கட்சிக்காரர்களின் பெயர் மறைக்கப்பட்ட இரண்டு வணிக நடுவர் வழக்குகளில் இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னது. ஆட்சேபம் தீர்ப்பாயத்தைக் குறிவைத்தால் அதிகார வரம்பு, கோரிக்கையைக் குறிவைத்தால் ஏற்புடைமை. அதன்படி, காலாவதியாகிவிட்டது என்ற ஆட்சேபமும், இது முன்பே தீர்ப்பான விஷயம் என்ற ஆட்சேபமும் ஏற்புடைமையைச் சேர்ந்தவை.

இந்தியச் சட்டம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அரசு மீது சிவில் வழக்குப் போடும் முன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத அறிவிப்புத் தர வேண்டும். அது கட்டாயம். ஆனாலும் யாருடைய நன்மைக்காக அந்த விதி இருக்கிறதோ அந்த அரசு விரும்பினால் அதை விட்டுக்கொடுக்கலாம் என்று 1947-இல், வெள்ளையன் செட்டியார் சென்னை மாகாண அரசுக்கு எதிராக நடத்திய வழக்கில், அப்போது இந்தியாவுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது. கட்டாய விதி என்பதாலேயே அது மன்றத்தின் அதிகாரத்தை அறுத்துவிடும் என்று ஆகாது. உங்கள் முதல் ஆலோசகர் இந்த அளவுக்குச் சரியாகத்தான் சொல்கிறார்.

அவர் சறுக்குவது அடுத்த படியில். "ஏற்புடைமைதான், ஆகவே பயமில்லை" என்கிறாரே, அந்த 'ஆகவே' தவறு. ஒரே விதியை ஒரு தீர்ப்பாயம் எந்தப் பெட்டியில் போடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஈக்வடாரைப் பாருங்கள். எண்ணெய் விலை ஏறியபோது அந்த நாடு 2006-இல் ஒரு சட்டம் போட்டு, கூடுதல் வருமானத்தில் பாதியை எடுத்தது. மறு வருடம் அதை 99 சதவீதமாக்கியது. பாதிக்கப்பட்ட அமெரிக்க நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வழக்குப் போட்டன. அமெரிக்கா–ஈக்வடார் உடன்படிக்கையில் உங்களுடையதைப் போலவே ஆறு மாதக் காத்திருப்பு இருந்தது. மர்ஃபி நிறுவனம் அறிவிப்புக் கொடுத்த சில நாட்களிலேயே வழக்கைத் தாக்கல் செய்தது. 2010 டிசம்பரில் தீர்ப்பாயம் தனக்கு அதிகார வரம்பே இல்லை என்று சொல்லி முழு வழக்கையும் தள்ளிவிட்டது. அதே வருடம் ஜூனில், அதே உடன்படிக்கையின் கீழ், பர்லிங்டன் நிறுவனத்தின் வழக்கில் வேறொரு தீர்ப்பாயம் காத்திருப்பு விதியை மீறி வந்த ஒரு கோரிக்கையை மட்டும் ஏற்புடையதல்ல என்று நீக்கிவிட்டு, மற்றவற்றை விசாரிக்கப் போனது. இவற்றுக்கு முன்பே, 2003-இல், பாகிஸ்தானுக்கு எதிராக எஸ்ஜிஎஸ் என்ற சுவிஸ் நிறுவனம் போட்ட வழக்கில், இப்படிப்பட்ட காத்திருப்பு வெறும் நடைமுறைதான், வழக்கைத் தடுக்காது என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஒரே மாதிரி விதி, மூன்று விடைகள்.

மர்ஃபி பிறகு வேறு விதிகளின் கீழ் புதிதாக வழக்குப் போட்டு, 2016-இல் ஏறத்தாழ 2 கோடி டாலர் வென்றது. அது பெரிய எண்ணெய்க் கம்பெனி, எட்டு வருடம் தாக்குப் பிடித்தது. மூன்று சகோதரர்களின் கிடங்கு தாக்குப் பிடிக்குமா?

அர்ஜென்டினாவின் கதை இன்னும் கூர்மையானது. பிரிட்டன்–அர்ஜென்டினா உடன்படிக்கையின்படி முதலில் உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போய், 18 மாதம் கழித்தே நடுவரிடம் வரலாம். 2002 பொருளாதார நெருக்கடியில் நஷ்டப்பட்ட பிஜி குழுமம் என்ற பிரிட்டிஷ் எரிவாயு நிறுவனம் அந்தப் படியைத் தாண்டி நேரே வந்தது. அரசே அவசர ஆணைகள் போட்டு நீதிமன்ற வழியை நெரித்துவிட்டு, அதே வழியில் ஏன் போகவில்லை என்று கேட்க முடியாது என்று தீர்ப்பாயம் கருதியது. 2007 டிசம்பரில் 18.5 கோடி டாலர் தீர்ப்பு. நடுவர் மன்றத்தின் அமர்விடம், அதாவது எந்த ஊர் நீதிமன்றங்கள் அதன் தீர்ப்பைப் பரிசீலிக்கலாம் என்பதை முடிவு செய்யும் இடம், வாஷிங்டன் என்பதால் அர்ஜென்டினா அமெரிக்க நீதிமன்றங்களுக்குப் போனது. 2012 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பையே ரத்து செய்தது. 2014 மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அதைத் திரும்ப உயிர்ப்பித்தது. 18 மாத விதி எப்போது வழக்கு தொடங்கலாம் என்பதைப் பற்றியது, நாடு சம்மதித்ததா இல்லையா என்பதைப் பற்றியது அல்ல, அதை நடுவர்களே முடிவு செய்யலாம் என்றது பெரும்பான்மை. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் மறுத்து எழுதினார். அவர் பார்வையில் அந்தப் படியில் ஏறினால்தான் அர்ஜென்டினாவின் சம்மதமே பிறக்கிறது. என்னைக் கேட்டால் ராபர்ட்ஸின் வாதத்தைச் சுலபமாக ஒதுக்க முடியாது. ஒரு நாடு "இப்படி வந்தால் சம்மதம்" என்று எழுதும்போது அந்த 'இப்படி'யைக் கத்தரித்துவிட்டு, மீதியை மட்டும் வைத்துக்கொள்வது சரியா?

2012-இல் இன்னொன்றும் நடந்தது. பிஜியின் தீர்ப்பு வாஷிங்டனில் ரத்தான சில வாரங்களுக்குள், அதே உடன்படிக்கையின் அதே 18 மாத விதியைத் தாண்டி வந்த ஐசிஎஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தை வேறொரு தீர்ப்பாயம் அதிகார வரம்பு இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. எழுத்து மாறவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள்.

ஏன் இந்தப் பெயருக்கு இவ்வளவு சண்டை என்றால், பெயரைப் பொறுத்துத்தான் பிற்பாடு நடப்பது மாறும். ஏற்புடைமை பற்றி நடுவர்கள் சொன்னது சரியோ தவறோ, அதோடு முடிந்தது. பிறகு நீதிமன்றம் பொதுவாக அதைக் கிளறாது. அதிகார வரம்பு அப்படியல்ல. சிங்கப்பூர், லண்டன் போன்ற அமர்விடங்களில் நீதிமன்றம் அந்தக் கேள்வியை முதலிலிருந்து தானே விசாரிக்கும், நடுவர்களின் கருத்துக்குக் கட்டுப்படாது. நீங்கள் ஜெயித்து, செலவு செய்து, சொத்து எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கும் நேரத்தில் தீர்ப்பு காணாமல் போகலாம். லெசோத்தோ அரசுக்கு எதிரான சுவிஸ்பர்க் வைரச் சுரங்க வழக்கில் அதுதான் நடந்தது. சுரங்க உரிமையை இழந்தவர்கள் ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதி நாடுகளின் கூட்டமைப்பு நடத்திய தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அந்தத் தீர்ப்பாயத்தையே உறுப்பு நாடுகள் மூடிவிட்டன. பிறகு சர்வதேச நடுவர்களிடம் போய் 2016-இல் வென்றார்கள். 2018-இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம், தீர்ப்பாயத்துக்கு அதிகார வரம்பு இல்லை, உள்ளூர் நிவாரணங்களையும் முழுதாகத் தேடவில்லை என்று சொல்லி அதை ஒன்றுமில்லாமல் ஆக்கியது. நியாயம் அவர்கள் பக்கம் நிறைய இருந்ததாகவே நான் நினைக்கிறேன். அது உதவவில்லை.

உங்கள் உடன்படிக்கை இக்சிட் வழியைத் தருகிறதென்றால் உள்ளூர் நீதிமன்றங்கள் குறுக்கே வர முடியாது. இக்சிட் உடன்படிக்கையின் 52-ஆம் பிரிவின்படி மூவர் குழு ஒன்றிடம்தான் ரத்துக் கோர முடியும், அதிகார வரம்பு இல்லை என்ற காரணம், அதிகாரத்தை வெளிப்படையாக மீறியிருந்தால் மட்டுமே எடுபடும். இக்சிட் வழி, மற்ற நடுவர் வழி இரண்டும் இருந்தால் இதை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

ஆகவே என் ஆலோசனை இது. தாக்கல் செய்யும் வரை ஒவ்வொரு நிபந்தனையையும் அதிகார வரம்பாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள். ஏதோ ஒன்று தவறிப்போய், எதிர்த்தரப்பு அதைப் பிடித்த பிறகு, "இது ஏற்புடைமைதான்" என்று உங்கள் வழக்கறிஞர் வாதாடட்டும். உங்களுக்கு ஆறு மாதம் என்ன நஷ்டம்? கிடங்கு ஏற்கெனவே பூட்டிக் கிடக்கிறது, வட்டியைக் கோரிக்கையில் சேர்த்துக் கேட்கலாம். காலக்கெடு மட்டும் பாருங்கள். வட அமெரிக்க நாடுகளின் பழைய வர்த்தக உடன்படிக்கையான நாஃப்டா போலச் சில உடன்படிக்கைகள், பாதிப்பு தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வர வேண்டும் என்கின்றன. பதினான்கு மாதம் போய்விட்டது, இன்னும் ஆறு மாதம் தாங்கும், அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

அறிவிப்புக் கடிதத்தை எப்படி எழுதுவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். குத்தகை ரத்தானதைக் கண்டித்துத் துறைமுக நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்பிய கடிதங்கள் போதாது. நாட்டின் அரசுக்கே எழுத வேண்டும். உடன்படிக்கையில் பெயர் சொல்லப்பட்ட அமைச்சகம் இருந்தால் அதற்கு, இல்லையென்றால் அரசுத் தலைமைக்கும் வெளியுறவு, நிதி, சட்ட அமைச்சகங்களுக்கும். இன்ன உடன்படிக்கையின் இன்ன பிரிவின் கீழ் முதலீட்டுத் தகராறு எழுந்திருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். யார் யார் கோரிக்கையாளர்கள் என்று பெயரோடு எழுதுங்கள். இழப்பீடில்லாத கையகப்படுத்தல், நியாயமற்ற நடத்தை, பாதுகாப்புத் தராதது என்று எத்தனை மீறல்கள் உண்டோ அத்தனையையும் பட்டியலிடுங்கள். பர்லிங்டனுக்கு ஒரு கோரிக்கை போனது, அதைப் பற்றிய தகராறை முன்கூட்டி எழுப்பிக் காத்திருக்காததால்தான். கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு முத்திரையோடு அத்தாட்சி வாங்குங்கள். அதற்குப் பிறகு அவர்கள் பேச அழைத்தால் உண்மையாகவே போய்ப் பேசுங்கள். அழைக்காவிட்டால் நீங்களே இரண்டு முறை தேதி குறித்து எழுதுங்கள். சமரசம் ஆகிவிட்டால் அதைவிட நல்லது வேறில்லை. ஒரகடம் ஆலை தொடர்பாகத் தமிழ்நாட்டு அரசு தர வேண்டிய ஊக்கத்தொகைக்காக நிசான் இந்திய அரசை நடுவர் மன்றத்துக்கு இழுத்து, 5,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்ட வழக்கும் கடைசியில் 2020-இல் பேச்சில்தான் முடிந்தது.

நெதர்லாந்து விஷயம். தகராறு வருவதற்கு முன்பே, நல்ல பாதுகாப்புள்ள நாட்டின் வழியாக முதலீட்டை அமைத்துக்கொள்வதில் தவறே இல்லை, எல்லோரும் செய்வதுதான். தகராறு வந்த பிறகு செய்தால் இரண்டு இடத்திலும் அடி விழும். குத்தகை ரத்தான நாளில் அந்த டச்சு நிறுவனம் முதலீட்டாளராகவே இல்லை. தான் இல்லாத காலத்தில் நடந்த மீறலுக்கு அது உடன்படிக்கைப் பாதுகாப்பைக் கேட்க முடியாது. இது நேரடியான அதிகார வரம்புக் குறை. சரி, அதற்குப் பிறகு நடந்த ஏதோ ஒன்றை மீறல் என்று காட்டலாமே என்று உங்கள் ஆலோசகர் சொல்லலாம். அங்கேதான் பிலிப் மோரிஸ் ஆசியாவின் வழக்கு நிற்கிறது. சிகரெட் பெட்டியில் பிராண்டு அலங்காரம் எதுவும் இருக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவரப் போவதாக ஆஸ்திரேலியா 2010 ஏப்ரலில் அறிவித்தது. 2011 பிப்ரவரியில் பிலிப் மோரிஸ் தன் ஆஸ்திரேலிய நிறுவனத்தின் பங்குகளை ஹாங்காங் நிறுவனத்தின் கைக்கு மாற்றியது, ஆஸ்திரேலியா–ஹாங்காங் உடன்படிக்கையைப் பயன்படுத்த. 2011 நவம்பரில் சட்டம் நிறைவேறியது, வழக்கும் வந்தது. பங்கு மாறியது சட்டத்துக்கு முன்புதான். ஆனாலும் தகராறு வரப்போவது கண்ணுக்குத் தெரிந்த பிறகு, வழக்குக்காகவே செய்த மாற்றம் இது, உரிமையைத் துஷ்பிரயோகம் செய்வது என்று 2015 டிசம்பர் 17 அன்று தீர்ப்பாயம் ஒருமனதாகச் சொல்லி, கோரிக்கைகள் ஏற்புடையவை அல்ல என்று முடித்துவிட்டது. இதே மாதிரி துஷ்பிரயோகத்தை 2009-இல், செக் குடியரசுக்கு எதிரான ஃபீனிக்ஸ் வழக்கில், அதிகார வரம்பு இல்லை என்று சொல்லித் தள்ளியிருந்தார்கள். பெட்டியின் பெயர் வேறு, விழுந்தது ஒரே குழி.

பொதுச் சுகாதாரத்துக்காக ஒரு நாடு போட்ட சட்டத்தை இப்படிக் குறுக்கு வழியில் மிரட்ட முயன்றது தோற்றதில் எனக்கு உண்மையிலேயே நிம்மதி. ஆனால் அந்த விதி பெரிய புகையிலைக் கம்பெனிக்கு மட்டுமல்ல, நியாயமான காரணம் உள்ள உங்களுக்கும் பொருந்தும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பங்குகளை மாற்றிவிட்டால், கையில் இருக்கிற சிங்கப்பூர் உடன்படிக்கையின் கீழ் உங்கள் நிலைமை என்ன என்று எதிர்த்தரப்பு புதிதாகக் கேள்வி எழுப்பும். இருப்பதையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிடங்கு 'முதலீடு' ஆகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆகும். பணம் போட்டீர்கள், ஆண்டுக்கணக்கில் நடத்தினீர்கள், லாப நஷ்டத்தை ஏற்றீர்கள். இலங்கையில் மின் நிலையம் கட்டப் பேச்சு நடத்தி, கடைசி ஒப்பந்தம் கையெழுத்தாகாமலே செலவழித்த மிஹாலி நிறுவனத்துக்கு 2002-இல் அதிகார வரம்பு மறுக்கப்பட்டது. நீங்கள் அந்த வகை அல்ல.

குத்தகைப் பத்திரத்தின் 'உள்ளூர் நீதிமன்றம்' என்ற வரி கொஞ்சம் கவனிக்க வேண்டியது. அது குத்தகை ஒப்பந்தத்தின் மீறலுக்கு. உடன்படிக்கை மீறல் தனி உரிமை, அதை அந்த வரி அழிக்காது. நிசான் வழக்கில் இந்தியாவும், இது ஒப்பந்தத் தகராறு, வரி விஷயம் என்றெல்லாம் ஆட்சேபித்தது. 2019-இல் தீர்ப்பாயம் அவற்றை ஏற்காமல் வழக்கைத் தொடர்ந்தது. ஆனால் உங்கள் கோரிக்கை "குத்தகைப் பணம் இவ்வளவு திரும்ப வர வேண்டும்" என்ற அளவில் நின்றுவிட்டால் சிக்கல். பிலிப்பைன்ஸுக்கு எதிரான எஸ்ஜிஎஸ் வழக்கில் 2004-இல் தீர்ப்பாயம், தனக்கு அதிகாரம் உண்டு, ஆனால் பாக்கித் தொகை எவ்வளவு என்பதை ஒப்பந்தம் சொல்கிற பிலிப்பைன்ஸ் நீதிமன்றம் முடிவு செய்யட்டும் என்று சொல்லி வழக்கை நிறுத்தி வைத்தது. ஏற்புடைமை என்றால் என்ன என்பதற்கு அது நல்ல பாடம். ஆகவே பூட்டியது, அரசு அதிகாரத்தைக் கொண்டு செய்தது, இழப்பீடு தராதது ஆகியவற்றை முன்னால் வையுங்கள். இன்னொன்று, வழக்கறிஞரைக் கேட்காமல் அந்த ஊர் நீதிமன்றத்தில் எதையும் தாக்கல் செய்யாதீர்கள். சில உடன்படிக்கைகளில் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தால் மற்றது அடைபட்டுவிடும்.

இனி உங்கள் பின்குறிப்பு. கடிதம் முழுவதிலும் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அந்தக் 'கன்சல்டன்சி'தான். உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக மெட்டல்-டெக் என்ற இஸ்ரேலிய நிறுவனம் வழக்குப் போட்டது. ஆலோசகர்கள் என்ற பெயரில் சிலருக்கு ஏறத்தாழ 40 லட்சம் டாலர் கொடுத்திருந்தது விசாரணையில் வெளிவந்தது. அவர்களில் ஒருவர் பிரதமரின் சகோதரர். என்ன வேலை செய்தார்கள் என்று நடுவர்கள் கேட்டார்கள். ஒழுங்கான பதில் இல்லை. நாட்டின் சட்டப்படி செய்த முதலீட்டுக்குத்தான் உடன்படிக்கையில் சம்மதம், இது ஊழலில் வந்தது, ஆகவே அதிகார வரம்பு இல்லை என்று 2013 அக்டோபரில் முடிந்தது கதை. லஞ்சம் வாங்கிய தரப்பு அரசுதானே, அது தப்பிக்கலாமா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அது உறுத்தும். ஆனாலும் சட்டம் இப்போது நிற்கிற இடம் இதுதான். உடன்படிக்கையில் 'சட்டப்படி' என்ற சொல் இல்லாவிட்டாலும் தப்பிக்க முடியாது. இந்தோனேசியாவுக்கு எதிரான சர்ச்சில் மைனிங் வழக்கில் சுரங்க உரிமங்கள் போலி என்று தெரிந்ததும் 2016-இல் கோரிக்கைகள் ஏற்புடையவை அல்ல என்று தள்ளினார்கள்.

நீங்கள் கொடுத்தது உண்மையான வேலைக்கு உண்மையான கூலியாகவே இருக்கலாம். அப்படியென்றால் அதை நிரூபிக்கும் காகிதம் வேண்டும்: ஒப்பந்தம், ரசீது, அவர் எழுதிய மனுக்கள், போய்வந்த அலுவலகங்கள், வங்கி வழியாகப் போன பணம். அந்த ஆள் யாருக்கு உறவு, அவர் கையிலிருந்து பணம் எங்கே போனது என்பதையும் விசாரியுங்கள். எதையும் அழிக்காதீர்கள், புதிதாக எதையும் தயாரிக்கவும் செய்யாதீர்கள். எல்லாவற்றையும் உங்கள் வழக்கறிஞரிடம் முதல் நாளே கொடுங்கள். அரசு இதைத் தன் பதிலில் போடும் நாளில்தான் அவருக்குத் தெரிய வருகிறது என்றால், யாராலும் உங்களைக் காப்பாற்ற முடியாது. பதில் திருப்தியாக இல்லை என்று அவர் சொன்னால், வழக்கே வேண்டாம் என்று முடிவெடுக்கும் துணிவு வேண்டும். இந்த வழக்குகளின் செலவு பல லட்சம் டாலர்களில் ஓடும், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் தலையில் விழலாம்.

கடைசித் தம்பியைப் பற்றி: வழக்கில் எதிர்த்தரப்பாக நிற்கிற நாட்டின் குடியுரிமை உள்ள தனிநபர் அந்த நாட்டுக்கு எதிராக இக்சிட் மன்றத்தில் நிற்க முடியாது. இக்சிட் உடன்படிக்கையின் 25-ஆம் பிரிவு சம்மதம் கொடுத்த நாள், வழக்கு பதிவான நாள் இரண்டையும் பார்க்கும். வேறொரு நாட்டின் குடியுரிமை கூடவே இருந்தாலும் விதிவிலக்கு இல்லை, அரசு சம்மதித்தாலும் சரிசெய்ய முடியாது. ஆகவே அறிவிப்புக் கடிதத்திலும் மனுவிலும் அவர் பெயரைக் கோரிக்கையாளராகச் சேர்க்காதீர்கள். சிங்கப்பூர் நிறுவனமே முன்னால் நிற்கட்டும். அவர் பங்குதாரராக இருப்பது மட்டும் அதற்குத் தடையாகாது. ஆனால் உங்கள் உடன்படிக்கையில் 'நன்மை மறுப்பு' என்ற பிரிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வேறு நாட்டவரின் கட்டுப்பாட்டில் இருக்கிற, சிங்கப்பூரில் உருப்படியான தொழில் இல்லாத நிறுவனத்துக்குப் பாதுகாப்பை மறுக்க அது இடம் தரும். உங்கள் சிங்கப்பூர் அலுவலகத்தின் வாடகை, ஊழியர் சம்பளம், வரிக் கணக்கு, இயக்குநர் குழுக் கூட்டங்களின் பதிவு ஆகியவற்றைக் கடந்த ஐந்து வருடத்துக்கு ஒரு கோப்பாகத் திரட்டி வையுங்கள். பங்கு விகிதத்தையும் தம்பியின் குடியுரிமைச் சான்றிதழில் உள்ள தேதியையும் எனக்கு எழுதுங்கள்.